எந்த நிரலில் அவர் பெயர்?

திரைப்படப் பெயர்ப்பட்டியல்களைத் தரவாகக் கொண்டு ஆராய்வோருக்கு ஒரு வசதி உண்டு. இசைக்கு ஒரு நிரல், ஒலிக்கு ஒரு நிரல் என்று அட்டவணை போட்டுவிட்டால் எண்ணுவது எளிது. என் அட்டவணையில் ஆலன் பார்சன்ஸின் பெயர் வந்தபோது அந்த வசதி போயிற்று.

1969 ஜனவரி 30 அன்று லண்டனில், சாவில் ரோ கட்டடத்தின் மொட்டைமாடியில் பீட்டில்ஸ் குழுவினர் வாசித்தார்கள். அதைப் பதிவு செய்த குழுவில் டேப் ஆபரேட்டராக இருந்த பார்சன்ஸுக்கு அப்போது வயது 20. மாடியில் காற்று பலமாக அடித்தது. மைக்குகளின் மேல் மாட்டுவதற்காகப் பெண்கள் அணியும் நைலான் காலுறைகளை வாங்கிவரத் தாம் கடைக்கு அனுப்பப்பட்டதை அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். இன்றும் அந்தப் பாடல்கள் காற்றிரைச்சலில் கரையாமல் கேட்கின்றன என்றால் அக்காலுறைகளுக்கும் அதில் பங்குண்டு. 'லெட் இட் பி' படத்தின் இசைக்கு ஆஸ்கர் கிடைத்தபோது அது குழுவின் நால்வருக்கே வழங்கப்பட்டது. அதில் தவறில்லை, பாடல்கள் அவர்களுடையவை.

சிக்கல் 1973இல் கூர்மையாகிறது. நாற்புற ஒலியமைப்பைச் செய்து காட்டுவதற்காகப் பழங்காலக் கடிகாரக் கடையொன்றில் மணியோசைகளைத் தனித்தனியே பதிவு செய்து வைத்திருந்தார் பார்சன்ஸ். பிங்க் ஃபிளாய்டின் 'டைம்' பாடல் அந்த மணிகளோடுதான் தொடங்குகிறது. இசைத்தட்டின் உறையில் அவர் பொறியாளர். அதே மணிகளை ஒரு தாளக் கலைஞர் குச்சியால் தட்டி ஒலித்திருந்தால் இசைக்கலைஞர் என்று அச்சாகியிருக்கும்.

பிறகு எரிக் உல்ஃப்சனோடு சேர்ந்து தம் பெயரிலேயே ராக் குழு கண்டார். 1985இல் வந்த 'லேடிஹாக்' படத்தில் இசையமைப்பாளர் ஆண்ட்ரூ பவல். பார்சன்ஸ் இசைத் தயாரிப்பாளர். இடைக்காலக் கோட்டைகளுக்கு நடுவே சின்தசைசர் முழங்குவதைக் கேட்பவர் எவரும் அது யாருடைய கைவண்ணம் என்று ஊகித்துவிடுவர். ஆயினும் இசையமைப்பாளர் நிரலில் அவரைச் சேர்க்க இயலாது. (திரையில் அவர் பெயர் மிக உரக்க ஒலித்தது 1999இன் ஆஸ்டின் பவர்ஸ் படத்தில்தான். வில்லன் நிலவில் அமைக்கும் லேசர் ஆயுதத்துக்கு அவருடைய குழுவின் பெயர்! நகைச்சுவைக்கு நிரல் கிடையாது.)

இது வெறும் அட்டவணைச் சிக்கலாக இருந்தால் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். நம் பதிப்புரிமைச் சட்டத்தில் இசைக்கலைஞர் 'நிகழ்த்துநர்'. அவருக்கென்று தனி உரிமைகள் உண்டு. ஒலிப்பதிவின் 'ஆக்கியோன்' என்று அச்சட்டம் சொல்வது தயாரிப்பாளரை. பதிவு செய்த பொறியாளரை அன்று. 2012ஆம் ஆண்டுத் திருத்தம் மேலும் ஒரு படி போகிறது. திரைப்படத்தில் தற்செயலாகவோ துணையாகவோ நிகழ்த்தி, தொழில் வழக்கப்படி பெயர்ப்பட்டியல் உட்பட எங்கும் குறிப்பிடப்படாத ஒருவர், பெரும்பாலான உரிமைகளைப் பொறுத்தவரை நிகழ்த்துநரே அல்லர். ஆக, பெயர் போடாத வழக்கமே உரிமை மறுப்புக்குச் சான்றாகிவிடுகிறது. அதே பெயர்ப்பட்டியலைத்தான் நாமும் 'முதன்மைத் தரவு' என்று நம்பிக்கையோடு அடிக்குறிப்பில் இடுகிறோம்.

இப்போது என் அட்டவணையில் மூன்றாவதாக ஒரு நிரல் இருக்கிறது: 'செய்த வேலை'. நேர்காணல்களிலிருந்தும் பதிவுக்கூடக் குறிப்பேடுகளிலிருந்தும் அதை நிரப்பி வருகிறேன். ஒரே பெயர் இருமுறை எண்ணப்பட்டுவிடும் என்று நெறியாளர் எச்சரித்தார். எண்ணப்படட்டும். பார்சன்ஸின் வரிசையில், ஆண்டு 1969 என்பதற்கு எதிரே, காலுறை என்று எழுதியிருக்கிறேன்.