உள்ளே வச்ச கம்பி ஏன் உடைஞ்சது? ஒரு த்ரெட்

1/ "உள்ள வச்ச கம்பி எப்படி தம்பி உடையும்? மட்டமான கம்பியா?" நான் பிஜி படிக்கும்போது ஒரு அம்மா கேட்ட கேள்வி. கம்பி மட்டமில்லை. தப்பு என் கையில் இருந்தது.

2/ முழங்கால் சில்லு உடைஞ்சு வந்தவங்க. கம்பியை எட்டு வடிவத்தில் சுத்தி, முனைகளை முறுக்கி இறுக்கினேன். சரியா அமையலை. பிரிச்சு, நிமிர்த்தி, அதே கம்பியை மறுபடி முறுக்கினேன். மூணாவது வாரம் எக்ஸ்ரேயில் பார்த்தா, முறுக்கின இடத்துக்குப் பக்கத்திலேயே உடைஞ்சிருந்தது. இன்னொரு ஆபரேஷன்.

3/ சீஃப் திட்டலை. ஒரு துண்டுக் கம்பியைக் கொடுத்து, "ஒரே இடத்துல முன்னும் பின்னும் வளைங்க"ன்னார். முதல்ல லேசா வளைஞ்சது. அப்புறம் விறைச்சது. அப்புறம் பட்டுன்னு போச்சு.

4/ இந்தக் கம்பி 316எல் ஸ்டீல். இரும்போட குரோமியம், நிக்கல், மாலிப்டினம் சேர்ந்தது. கார்பன் ரொம்பக் குறைவு. அணுக்கள் ஆஸ்டெனைட் என்ற அமைப்பில் அடுக்கியிருக்கும். 1000 டிகிரி செல்சியஸுக்கு மேல சூடாக்கி வேகமா ஆறவச்சா, மென்மையாகும். அதனாலதான் முறுக்க முடியுது.

5/ வளைக்கும்போது அணு அடுக்குகள் ஒண்ணுமேல ஒண்ணு வழுக்கும். ஒவ்வொரு வளைவுக்கும் உள்ளே சிக்கு விழும், நூல்கண்டு மாதிரி. சிக்கு கூடக்கூட வலு ஏறும். வளைஞ்சு கொடுக்குற குணம் குறையும். அந்தக் குணத்தை நான் மேஜையிலேயே செலவழிச்சிட்டேன்.

6/ சர்ஜரி பிளேடு வேற ரகம். அதில் கார்பன் கூடுதல். சூடாக்கிச் சட்டுன்னு குளிர்விச்சா, கார்பன் வெளியேற நேரமில்லாம மாட்டிக்கும். இதுதான் மார்டென்சைட். ரொம்பக் கடினம், ஆனா எளிதா நொறுங்கும். அதனால திரும்ப மிதமா சூடாக்குவாங்க. கடினம் கொஞ்சம் குறைஞ்சு, தாங்குற குணம் கொஞ்சம் கூடும். அப்பவும் பிளேடை வளைச்சா உடையும்.

7/ ஆக, "இருக்கறதிலேயே ஸ்ட்ராங்கான கம்பி போடுங்க டாக்டர்"னு கேட்காதீங்க. எந்த வேலைக்கு எதுங்கிறதுதான் கணக்கு. எந்த உலோகமும் ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் களைக்கும். அதுக்கு முன்னாடி எலும்பு கூடணும். காலை ஊணாதீங்கன்னு சொன்னா, அந்தப் பந்தயத்துக்காகத்தான்.

8/ பழியைக் கம்பி மேல போட்டிருக்கலாம். போடலை. நடந்ததை அந்த அம்மாகிட்ட சொன்னேன். கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் ஒண்ணே ஒண்ணு கேட்டாங்க: "இந்தத் தடவை புதுக் கம்பிதானே தம்பி?"

அன்னையிலிருந்து, முறுக்கு தப்பினா வெட்டி எறிஞ்சிட்டுப் புதுசுதான்.