கடைத்தெருவில் குடியிருப்பது

ஜோர்ஜ் டவுனில் ஒரு தெருவுக்கு ஒரு பெயர் போதாது. பலகையில் லெபோ பசார் என்றிருக்கும். டாக்சிக்காரரிடம் மார்க்கெட் ஸ்ட்ரீட் என்றால் சட்டென்று புரியும். பழைய தமிழாட்களுக்கு அது கடைத்தெரு. சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்களைச் சூலியர் என்று அழைத்ததால் பக்கத்துத் தெரு சூலியா ஸ்ட்ரீட் ஆனது. 1786-இல் பிரான்சிஸ் லைட் இந்தத் தீவில் இறங்கிய பிறகு போட்ட ஆரம்பத் தெருக்களில் அதுவும் ஒன்று. பினாங்கு ஸ்ட்ரீட், கிங் ஸ்ட்ரீட், குவீன் ஸ்ட்ரீட், குறுக்கே கடைத்தெரு. இந்தக் கட்டத்துக்குள் ஒரு பழைய கடைவீட்டின் மாடியில் ஏழு வருஷமாக வாடகைக்கு இருக்கிறேன். வெளியூர்க்காரர்களுக்கு இது 'லிட்டில் இந்தியா'. எனக்கு உப்பு புளி வாங்கும் இடம்.

ஈப்போவில் இருக்கும் அக்கா போன் செய்யும்போதெல்லாம் ஒரே பாட்டுதான். "அந்த இரைச்சல்ல எப்படித்தான் இருக்கியோ. ஒரு தாமான்ல வீடு பார்த்துக்கிட்டுப் போயேன்."

இரைச்சல் உண்மைதான். புடவைக் கடை ஸ்பீக்கர் காலையில் சாமி பாட்டில் ஆரம்பித்து, மதியத்துக்குள் குத்துப்பாட்டுக்கு வந்துவிடும். லாரியிலிருந்து வெங்காய மூட்டை இறக்குவார்கள். கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலின் பாங்கு, குவீன் ஸ்ட்ரீட் மகா மாரியம்மன் கோயில் மணி, குவான் யின் கோயிலின் ஊதுபத்திப் புகை எல்லாம் ஒரே ஜன்னல் வழியாகத்தான் என் அறைக்குள் வரும். பள்ளிவாசல் 1801-இல் தொடங்கியது. மாரியம்மன் கோயில் 1833-ஐச் சேர்ந்தது. 'கிளிங்' என்ற சொல் இன்றைக்கு நம்மை நோக்கி எறியப்படும் வசை. பள்ளிவாசலின் பெயரில் மட்டும் அது பழைய அர்த்தத்தோடு, மரியாதையாக நிற்கிறது.

சுற்றுலாக் கையேடுகள் இந்த வட்டாரத்தை நல்லிணக்கத்துக்கு உதாரணமாக எழுதும். குடியிருக்கிறவர்களுக்கு அது இன்னும் சின்ன விஷயம். பாங்கு சொல்லும்போது பாட்டுக் கடை அண்ணன் சத்தத்தைக் குறைப்பார், அவ்வளவுதான். யாரும் அவரைக் கேட்டுக்கொண்டதில்லை. தைப்பூசத்துக்கு முதல் நாள், நாங்கள் செட்டிப்பூசம் என்று சொல்லும் நாளில், பினாங்கு ஸ்ட்ரீட் கோவில் வீட்டிலிருந்து நகரத்தார்களின் வெள்ளித் தேர் தண்ணீர்மலைக்குப் புறப்படும். 1894-இல் இந்தியாவிலிருந்து வந்த தேர் அது. 2017 முதல் குவீன் ஸ்ட்ரீட்டிலிருந்து தங்கத் தேரும் போகிறது. போகும் வழியெல்லாம் தேங்காய் உடைப்பார்கள். மலைபோலக் குவித்து வைத்து உடைப்பவர்களில் சீனர்கள் அதிகம். வியாபாரத்துக்காக, பிள்ளை பரீட்சைக்காக, யாருடைய உடம்புக்காகவோ நேர்ந்துகொண்ட தேங்காய்கள். மறுநாள் தெரு முழுக்க இளநீர் புளித்த வாடை அடிக்கும். அந்த வாடையும் எனக்குப் பிடிக்கும்.

இங்கே நிறைய வாங்க வேண்டியதில்லை. ரெண்டு வெள்ளிக்குத் தேங்காய்ப்பால், ஒரு முழம் பூ, மில்லில் அப்போதே அரைத்த மீன் மசாலா நூறு கிராம். காக்கி லீமா எனப்படும் ஐந்தடி நடைபாதை கடை முகப்புகளின் கீழே கூரையோடு ஓடுவதால், மழையிலும் குடையில்லாமல் பாதி வேலையை முடித்துவிடலாம். ராத்திரிக்கு நாசி கண்டார். காண்டார் என்றால் தோளில் தூக்கும் காவடிக் கம்பு. தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் ஒரு பக்கம் சோறும் மறு பக்கம் கறியுமாகத் தூக்கிக்கொண்டு போய்த் துறைமுகத் தொழிலாளிகளுக்கு விற்ற சாப்பாடு. இன்றைக்குக் கம்பு இல்லை. "அண்ணே, குழம்பு பஞ்சிர்" என்றால் சோறு மூழ்கும்வரை எல்லாக் குழம்பையும் ஊற்றித் தருவார்கள்.

போன வருஷம் காய்ச்சலில் ரெண்டு நாள் கீழே இறங்கவில்லை. மூன்றாம் நாள் பூக்கடை அக்கா தன் மகனிடம் கஞ்சி கொடுத்து அனுப்பினார். "அம்மா கேக்க சொன்னாங்க, உயிரோட இருக்கீங்களான்னு" என்றான் பையன். இதே அக்காதான் நான் எத்தனை மணிக்கு வந்தேன், யாரோடு வந்தேன் என்றும் கணக்கு வைத்திருக்கிறார். தனியாக இருக்கும் பெண்ணுக்கு இந்தக் கண்கள் சில நாள் எரிச்சல். ஆனால் ராத்திரி பதினொரு மணிக்கு பஸ் இறங்கி நடந்து வரும்போது, கடைசிக் கதவைச் சாத்திக்கொண்டிருக்கும் அண்ணன் "இப்பத்தான் வர்றியாம்மா?" என்று கேட்டால் நடையே மாறிவிடும். தாமானில் இதைக் கேமரா வைத்துத்தான் வாங்க முடியும்.

இலக்கியம் படிக்கிறவர்கள் பலர் எனக்கு முன்பே இங்கே வந்திருப்பீர்கள். ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'யில் பாண்டியன் தொங்கானில் ஏறிப் புயலைக் கடந்து வருவது பினாங்குக்குத்தான். மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று ஒரு முழு உலகம் இந்தத் தெருக்களின் கிட்டங்கிகளில் வட்டிக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தது. அந்தத் தொழில் போய்விட்டது. 'ரஜூலா' கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து வந்து இறங்கியவர்களின் பேரப்பிள்ளைகள் இப்போது கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். ஆட்கள் மாறுவது இந்த ஊருக்குப் புதிதல்ல. இப்போது நடப்பது வேறு. போகிறவர்களின் இடத்துக்குக் குடியிருக்க யாரும் வருவதில்லை.

இதற்கு ஒரு தேதி உண்டு. 1966-ஆம் வருஷ வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போருக்கு முந்திய பழைய கட்டடங்களின் வாடகையை ஏற விடாமல் பிடித்து வைத்திருந்தது. அதனால்தான் தையற்காரரும் பூக்காரரும் துறைமுகக் கூலியும் ஊரின் நடுவே இருக்க முடிந்தது. அதனால்தான் வீட்டுக்காரர்கள் ஒழுகும் கூரையைத் திரும்பிப் பார்க்கவில்லை என்பதும் உண்மை. 1997-இல் அந்தச் சட்டம் ரத்தானது. அவகாசம் 1999 கடைசியோடு முடிந்தது. 2000 ஜனவரியிலிருந்து வாடகை பல மடங்கு ஏறியது, குடும்பங்கள் கிளம்பின. காலியான சில கடைவீடுகளில் குருவி குடியேறியது. கூட்டுக்காகத்தான். பறவைக் கூடு சூப்புக்கு நல்ல விலை. ஜன்னலை அடைத்து, குருவிச் சத்தத்தைப் பதிவுசெய்து நாள் முழுக்க ஓடவிட்டார்கள். மனுஷர் சத்தம் அடங்கிய வீட்டிலிருந்து ரெக்கார்டு செய்த குருவிச் சத்தம். பிற்பாடு மாநில அரசு பாரம்பரியப் பகுதிக்குள் அதை நிறுத்தச் சொன்னது.

2008 ஜூலையில் மலாக்காவோடு சேர்த்து யுனெஸ்கோ ஜோர்ஜ் டவுனை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. மையப் பகுதி மட்டும் 109.38 ஹெக்டேர். 2012-இல் எர்னஸ்ட் சகாரெவிச் ஆர்மேனியன் ஸ்ட்ரீட்டில் சைக்கிளில் போகும் ரெண்டு பிள்ளைகளை வரைந்தார். இன்றுவரை அதன் முன்னால் படம் எடுக்க வரிசை நிற்கிறது. நானும் எடுத்திருக்கிறேன். பட்டியல் வராவிட்டால் இந்தக் கடைவீடுகள் பல இடிந்தோ இடிக்கப்பட்டோ போயிருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஓடு, மரப்படி, வீட்டு நடுவில் வெளிச்சம் விழும் முற்றம் எல்லாவற்றுக்கும் விதிமுறை உண்டு. மேலே யார் படுத்துத் தூங்க வேண்டும் என்பதற்கு இல்லை. பலவற்றில் இப்போது வாரக் கடைசி விருந்தாளிகள் தூங்குகிறார்கள். அவர்கள் தேங்காய்ப்பால் வாங்குவதில்லை. மில்லுக்காரர் காந்தப் பொம்மைகளையும் தொங்கவிட ஆரம்பித்திருக்கிறார்.

என் பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டி நாற்பது வருஷத்துக்கு மேல் அங்கே இருந்தவர். வீடு விலைபோனதும் மகன் வாங்கிய ஆயர் ஈத்தாம் பிளாட்டுக்குப் போனார். ஆனாலும் சீன மாசத்தில் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் தவறாமல் பஸ் ஏறி குவான் யின் கோயிலுக்கு வந்துவிடுவார். கும்பிட்டுவிட்டு மல்லித்தூள், கறிவேப்பிலை வாங்கிக்கொண்டு, என் மாடிப்படியில் பாதி ஏறியதும் "தங்காச்சி, சுடா மாக்கான்?" என்பார். சாப்பிட்டாச்சா என்ற அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்வதற்குள் கையில் ரெண்டு ஆரஞ்சு இருக்கும்.

என் ஒப்பந்தம் இந்த டிசம்பரில் முடிகிறது. வீட்டுக்காரர் சொல்லும் புது வாடகை என் சம்பளத்தில் பாதிக்கு மேல். பேசிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். போன தடவை இதை ஆன்ட்டியிடம் சொன்னேன். அவர் காலை நீட்டி உட்கார்ந்து, முழங்காலைத் தேய்த்துக்கொண்டே கேட்டார். ஆறுதலாக எதுவும் சொல்லவில்லை. "ஜாங்கான் பிண்டா" என்றார், போயிடாதே என்று. பிறகு மலாயிலேயே, ரொம்பச் சாதாரணமாக: "நீயும் போயிட்டா, கோயிலுக்கு வர்ற அன்னைக்கு நான் யார் வீட்டு ஜாம்பானுக்குப் போறது?"