அடங்குகிற காரம்

எரிய எரியச் சாப்பிட்டு வளர்ந்த நாக்கு இது. பரமக்குடிப் பக்கம் மிளகாய்க் காடு வைத்திருந்த வீட்டில் பிறந்தவள் வேறு எப்படி வளர்வாள்? மாசி பங்குனியில் களம் முழுக்க முண்டு வற்றல் காயும். குண்டு குண்டாக இருக்கும், காதருகே ஆட்டினால் உள்ளே விதை கலகலக்கும். 2023இல் புவிசார் குறியீடு வாங்கியதே, அதே ராமநாதபுரம் முண்டுதான். அப்பத்தா அதை அம்மியில் வைத்து இழுக்கும்போதே தெருவில் போகிறவர்கள் தும்முவார்கள். அந்த விழுதில் வைத்த கருவாட்டுக் குழம்பை மறுநாள் சுண்டவைத்து, பழைய சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள வேண்டும். மூக்கு ஒழுகும், காது அடைக்கும், கண்ணில் தண்ணீர் முட்டும். "முடியலைன்னா விட்டுருத்தா" என்பாள் அப்பத்தா. விடுவேனா? நீராகாரத்தை ஒரு மடக்குக் குடித்துவிட்டு அடுத்த கவளம். எழுந்து கை கழுவிக் கொஞ்ச நேரம் திண்ணையில் உட்கார்ந்தால் எல்லாம் அடங்கி உடம்பே லேசாகிவிடும்.

இப்போது காரமே படாமல் எரிகிறது. மாதவிலக்கு நின்ற பிறகு வந்த வினை. காலையில் எழும்போது சும்மா இருக்கும். வெயில் ஏற ஏற நாக்கு நுனியில் பிடித்துக்கொள்ளும். விளக்கு வைக்கிற நேரத்துக்குள், கொதிக்கிற காப்பியை ஊதாமல் குடித்துவிட்ட மாதிரி அண்ணம் வரைக்கும் காந்தும். கண்ணாடியில் பார்த்தால் புண்ணும் இல்லை, சிவப்பும் இல்லை. வீட்டில் நம்பவைப்பதே பெரும்பாடு.

இரும்புச்சத்து, பி12, ஃபோலிக் அமிலம், சர்க்கரை, தைராய்டு எல்லாம் பார்த்தாயிற்று. பூஞ்சையும் இல்லை. அதிகம் நுரைக்காத பற்பசைக்கு மாறியாயிற்று. எதிலும் குறை இல்லை என்று ஆன பிறகுதான் 'பர்னிங் மவுத் சிண்ட்ரோம்' என்று ஒரு பெயர் கிடைத்தது. நரம்புக் கோளாறாம், மாதவிலக்கு நின்ற பெண்களுக்குத்தான் அதிகம் வருமாம். வாயில் வைத்து ஊறவிட்டுத் துப்ப ஒரு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், கொஞ்சம் தணிகிறது. ஊரிலிருந்து வருகிறவர்கள் மணத்தக்காளிக் கீரை, கொப்பரை, மாசிக்காய் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். புண் இருந்தால் ஆற்றியிருக்கும், பாவம்.

மிளகாயின் கேப்சைசின் உண்மையில் எதையும் சுடுவதில்லையாம். சூட்டை உணரும் நரம்பில் ஒரு நுண்வாயில் இருக்கிறது. 43 டிகிரிக்கு மேல் சூடு பட்டால் அது திறக்கும். கேப்சைசின் பட்டாலும் திறக்கும். 1997இல் இதைக் கண்டறிந்த குழுவின் தலைவர் டேவிட் ஜூலியசுக்கு 2021இல் நோபல் பரிசிலும் பங்கு கிடைத்தது. படித்ததும் எனக்கு அந்தக் குழம்புச் சட்டிதான் நினைவுக்கு வந்தது. பொய்ச் சூடாகவே இருக்கட்டும். வந்த வழியே போய்விட்டதே! எனக்கு வேண்டியது அந்தப் போகிற எரிச்சல்தான். அது திரும்பக் கிடைத்தால் மீனையும் கருவாட்டையும்கூட மறந்துவிடுவேன்.

"போர்த்துக்கீசியர் மிளகாயைக் கொண்டுவர்றதுக்கு முன்னாடி நம்ம ஆளுங்க மிளகுலதானே சமைச்சாங்க?" என்று ஆறுதல் சொல்கிறார் வீட்டுக்காரர். மிளகின் காரமும் தட்டுவது அதே வாயிலைத்தான் என்று அவருக்கு யார் சொல்வது? புளியும் ஆகாது, எலுமிச்சை ஊறுகாயும் ஆகாது, புளித்த மோர்கூட ஆகாது. குழைந்த சோறும் ஆறின பாலுமாகப் பொழுது போகிறது. பந்தியில் உட்காருவதை நிறுத்திவிட்டேன். இலையில் விழுகிற ஒவ்வொன்றையும் வேண்டாம் வேண்டாமென்று கை காட்டிக்கொண்டிருப்பதைவிட வெற்றிலைத் தட்டுப் பக்கம் நிற்பது மேல்.

ஆனாலும் பங்குனி பிறந்தால் ஊரிலிருந்து வற்றல் வந்துவிட வேண்டும். மல்லியோடு வறுத்து மில்லுக்கு நானே எடுத்துப் போகிறேன். பதம் பார்க்க மூக்கு போதும். குழம்பும் நான்தான் வைக்கிறேன். உப்பு புளி பார்க்க மட்டும் மகளைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிவிட்டு, "ஸ்... காரம் ரொம்பத் தூக்கல்மா, குறைச்சுப் போடேன்" என்பாள்.

குறைப்பதாக இல்லை.