கண் மூடாத டிஸ்க்குகள்

வீட்டு சர்வரில் உள்ள நான்கு ஹார்டு டிஸ்க்குகளும் 15 நிமிடம் வேலை இல்லாவிட்டால் சுழல்வதை நிறுத்திக்கொள்ளும்படி அமைத்திருந்தேன். மின்சாரம் மிச்சம், சூடும் குறைவு. ஆனால் நின்ற டிஸ்க் மறுபடி வேகமெடுக்க 10 விநாடி வரை ஆகும். பாட்டு ஃபோல்டரில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதற்கே மனைவி அத்தனை நேரம் காத்திருப்பாள்.

அதற்காக ஒரு சிறிய ஸ்கிரிப்ட் எழுதினேன். பின்னணியில் ‘ஃபைண்ட்’ கட்டளை எல்லா ஃபோல்டர்களையும் ஓயாமல் சுற்றி வரும். லினக்ஸ் ஒருமுறை பார்த்த பெயர்களை டென்ட்ரி என்றும், ஃபைல் விவரங்களை ஐநோடு என்றும் ராமில் வைத்துக்கொள்ளும். அடிக்கடி கேட்டுக்கொண்டிருந்தால் எளிதில் கைவிடாது. பட்டியல் ராமிலிருந்தே வரும், டிஸ்க் தூங்கலாம். அன்று மாலை பாட்டு ஃபோல்டர் சட்டென்று திறந்தபோது அவ்வளவு சந்தோஷம். நான் சோதித்தது அவ்வளவுதான். நண்பர் ஒருவருக்கும் அதை அனுப்பிவைத்தேன்.

ஐந்து மாதம் கழித்து, தூக்கம் வராத ஓர் இரவில் சர்வர் இருக்கும் அலமாரியின் மேல் கை வைத்தேன். அதிர்ந்துகொண்டிருந்தது. மணி மூன்று. வீட்டில் யாரும் எதையும் திறக்கவில்லை.

பழைய மடிக்கணினிகளின் பேக்கப்பையும் சேர்த்துச் சுற்றும்படி விட்டிருந்தேன். எண்ணிப் பார்த்தால் 30 லட்சம் ஃபைல்கள். ஒவ்வொன்றுக்கும் ராமில் 1 கிலோபைட்டுக்குக் குறையாமல் வேண்டும். ஆக 3 ஜிபிக்கு மேல். சர்வரில் இருந்ததே 4 ஜிபி. கடைசி ஃபோல்டருக்குப் போவதற்குள் முதல் ஃபோல்டர் நினைவிலிருந்து கழன்றிருக்கும். அடுத்த சுற்றில் அதைத் தேடி மறுபடி டிஸ்க்கிடமே போகும். தூங்கட்டும் என்று எழுதிய ஸ்கிரிப்ட்தான் அவற்றை ஐந்து மாதமாக எழுப்பிக்கொண்டே இருந்திருக்கிறது.

அப்போதாவது நிதானித்திருக்கலாம். ‘விஎஃப்எஸ் கேஷ் பிரஷர்’ என்ற அளவு வழக்கமாக 100. குறைக்கக் குறைக்க லினக்ஸ் கெர்னல் இந்த விவரங்களை விடத் தயங்கும். 0 ஆக்கினால் விடவே விடாது, ராம் தீர்ந்துபோகலாம் என்று கெர்னல் ஆவணமே எச்சரிக்கிறது. நான் 0 போட்டேன். மறுநாள் மனைவி ஊரில் எடுத்த படங்களை ஏற்றிக்கொண்டிருந்தபோது ராம் தீர்ந்தது. இடம் பிடிக்க கெர்னல், ஃபைல்களைப் பகிரும் சாம்பா மென்பொருளை நிறுத்திவிட்டது. பாதிப் படங்கள்தான் வந்திருந்தன.

“ஏங்க, டிஸ்க் தூங்கினா என்ன, முழிச்சா என்ன? படம் பத்திரமா இருக்கணும்னுதானே இதை வாங்கினோம்?”

என்னிடம் பதில் இல்லை. கேமரா அட்டையை அவள் இன்னும் அழிக்காமல் வைத்திருந்ததால் தப்பித்தோம்.

பேக்கப்பை விலக்கிவிட்டு, பாட்டு, சினிமா, ஆவணங்கள் மூன்றை மட்டும் சுற்றவிட்டேன். பிரஷரை 50 ஆக்கினேன். ஃபைண்டை அடுத்தடுத்து இரண்டு முறை ஓட்டியதில், இரண்டாவது சுற்று ஒரு விநாடிக்குள் முடிந்தது. ஒரு வாரம் இரவில் எழுந்து அலமாரியைத் தொட்டுப் பார்த்தேன். பிறகே நண்பரை அழைத்து விஷயத்தைச் சொன்னேன். அவருடைய டிஸ்க்குகளும் நிற்கவேயில்லையாம்.

படங்கள் ஃபோல்டரை மட்டும் பட்டியலில் சேர்க்கவில்லை. அதைத் திறந்ததும் சிறுபடங்கள் காட்ட ஃபைலையே படிக்க வேண்டும்; பெயர் மட்டும் ராமில் இருந்து பயனில்லை. அவள் திறக்கும்போது அந்த டிஸ்க் 10 விநாடி எடுத்துக்கொண்டு எழுகிறது.