கோடு திருந்தினால் குணமா?

பிறர் மனத்தில் ஓடுவதை அறிய வேண்டும் என்ற ஆசை கதை எழுதுகிறவனுக்கு மட்டும் உரியதல்ல. ஜெர்மனியில் யேனா நகரத்து மனநோய் வைத்தியர் ஹான்ஸ் பெர்கருக்கும் அது இருந்தது. தலையில் உலோக முனைகளைப் பொருத்தி, மூளையில் எழும் நுண்ணிய மின்சாரத்தை 1924-இல் பதிவு செய்தார்; 1929-இல் வெளியிட்டார். கண்ணை மூடி அமைதியாக இருப்பவருக்கு விநாடிக்குச் சுமார் 10 அலைகள். கண்ணைத் திறந்தால் அவை அடங்கிவிடும். வேடிக்கைதான், அல்லவா?

அதற்கும் முன்னால், 1906-இல், டாக்டர் அலாய்ஸ் அல்ஸைமர் தம் நோயாளி ஒருத்தியின் கதையை டூபிங்கன் நகரில் சொன்னார். 51 வயதில் ஞாபகம் குழம்பி ஆஸ்பத்திரிக்கு வந்தவள் அவள். அந்த மறதி நோய்க்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. இந்த நோயாளிகளுக்குப் பெர்கர் கண்ட அலை மந்தமாகிறது. விநாடிக்கு 8-க்கும் குறைந்த சோம்பல் அலைகள் பெருகுகின்றன.

சோம்பல் அலை குறைந்தால் மருந்து பலித்ததாகக் கொள்ளலாமா?

என் சினேகிதர் ஒருவர், பெற்ற தாயே, "நீங்கள் யார்?" என்று கேட்பதைத் தினமும் தாங்கிக்கொள்கிறவர், பத்திரிகைத் துண்டு ஒன்றைக் கொண்டுவந்தார். ஏதோ புதிய மருந்து. ஆரம்பப் பரிசோதனையில் மூளை அலை சீர்பட்டதாம்.

"எப்படியாவது வரவழைத்துவிடட்டுமா, ஸார்?" என்றார்.

அந்தக் குரலுக்கு முன் விஞ்ஞானம் பேசுவது கொடுமை. ஆனாலும் பேசினேன். தூக்கக் கலக்கத்திலும் அலை மந்தமாகும். நோயாளி அன்று நன்றாக விழித்திருந்தாலே கோடு திருந்திவிடும். ஆகையால் பாதிப் பேருக்கு வெறும் மாத்திரை கொடுத்து, யாருக்கு எது என்பது நோயாளிக்கும் டாக்டருக்கும் தெரியாமல் வைக்க வேண்டும். தலையில் பல இடங்கள், பலவித அலைகள்; நூறு கணக்குப் போட்டால் ஒன்றிரண்டு தற்செயலாகவே நன்றாக வரும். எதைப் பார்க்கப் போகிறோம் என்று முன்கூட்டியே எழுதிவைத்தார்களா? சோதித்தவர்கள் எத்தனை பேர்?

எல்லாம் சரியாக இருந்தாலும், மருந்து மூளைக்குப் போய் ஏதோ செய்தது என்பதற்குத்தான் அது சாட்சி. எவ்வளவு மருந்து கொடுப்பது என்று தீர்மானிக்க அது உதவும். அமெரிக்காவில் 1993-இல் டாக்ரினும் 1996-இல் டோனெபெசிலும் அனுமதி பெற்றது அலையைக் காட்டி அல்ல. ஞாபகப் பரீட்சையையும் நோயாளியின் பொதுநிலையையும் காட்டித்தான். அவற்றின் பலனும் சிறிதே. நோயை அவை நிறுத்தவில்லை. 2021-இல் அடுகானுமாப் என்ற மருந்துக்கு, மூளையில் சேர்ந்த படிவு குறைந்ததைக் கொண்டே அனுமதி கொடுத்தார்கள். பெரிய சர்ச்சை எழுந்தது. 2024-இல் கம்பெனியே அதைக் கைவிட்டது.

சினேகிதர் துண்டை மடித்துப் பைக்குள் வைத்தார். "இன்று காலையில் அம்மா என்னைப் பார்த்து, 'சாப்பிட்டீர்களா?' என்று கேட்டாள் ஸார். நான் யாரென்று தெரியாது. ஆனால் பசி பொறுக்க மாட்டேன் என்று மட்டும் தெரிந்திருக்கிறது. இதை எந்தக் கோட்டில் எழுதுவார்கள்?"

கோட்டில் எழுத முடியாது. அதனால்தான் நல்ல பரிசோதனைகளில் வீட்டிலிருந்து பார்த்துக்கொள்கிறவரையும் உட்காரவைத்து விசாரிக்கிறார்கள். அந்த விசாரணையில் என்ன வந்தது என்று அந்தப் பத்திரிகைத் துண்டில் ஒரு வரிகூட இல்லை.