கிழங்கு நமக்கு... கொடி ஆட்டுக்கு!

'மாட்டுக்கு எதுக்கு சார் தாவணி?' - மதுரைக்கு முதல் தடவை வருகிற வெளியூர்க்காரர்கள் கேட்கிற கேள்வி இது. தாவணி என்றால் பாவாடைக்கு மேலே போடுகிற சமாச்சாரம் மட்டுமில்லை. மாடுகளை வரிசையாகக் கட்டிப்போடுகிற நீளக் கயிற்றுக்கும் அதுதான் பெயர். அப்படிக் கட்டி வைத்து விற்ற சந்தைக்கும் அதுவே பெயராகிவிட்டது. 1999-ல் பஸ் ஸ்டாண்டு வந்தது. இன்றைக்கு மாட்டுத்தாவணியில் வரிசை கட்டி நிற்பவை திருச்சி பஸ்ஸும் நெல்லை பஸ்ஸும்தான்!

பக்கத்திலேயே காய்கறி மார்க்கெட். பொங்கல் சமயத்தில் போய்ப் பாருங்கள்... சீனிக்கிழங்கு, சேனை, கருணை, பனங்கிழங்கு என்று குவித்து வைத்திருப்பார்கள். பார்த்ததும் எனக்கு ஓர் இங்கிலாந்துப் பிரபுவின் ஞாபகம் வந்தது.

பெயர் சார்லஸ் டவுன்ஷெண்ட் (1674-1738). மந்திரியாக இருந்தவர், 1730-ல் பதவியை விட்டுவிட்டு நார்ஃபோக் பண்ணைக்குப் போனார். நம்மூரில் பதவி போனால் அறிக்கை விடுவார்கள். மனிதர் டர்னிப் போட்டார்! டர்னிப் உருண்டையான கிழங்கு, முள்ளங்கிக்குப் பங்காளி. அவருக்கு முன்பே சிலர் அதைப் பயிர் செய்ததுண்டு. ஆனால், ஊரெல்லாம் பரப்பி 'டர்னிப் டவுன்ஷெண்ட்' என்று பெயர் வாங்கியது இவர்தான்.

கோதுமை, டர்னிப், பார்லி, குளோவர் தீவனம் என்று நாலு வருஷச் சுற்று. குளிர்காலத்தில் புல் கிடைக்காது. டர்னிப் வயலில் தட்டி கட்டி ஆடுகளை உள்ளே விடுவார்கள். அவை கிழங்கைத் தின்று, அங்கேயே புழுக்கை போடும். அடுத்து வருகிற பார்லிக்கு அதுதான் உரம்.

அட, இது நம்ம ஆட்டுக்கிடை!

மேலூர் ரோட்டைத் தாண்டி, ஒரு கண்மாய்க் கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த கீதாரி ஒருவரிடம் இந்தக் கதையைச் சொன்னேன். "ஏண்ணே, நம்ம ஆட்டுக்கும் கிழங்கு போட்டா என்ன?"

சிரித்தார். "இங்கிட்டு என்ன பனிக்கட்டியா பெய்யுது சார்? எங்கிட்டுப் பாத்தாலும் பச்சைதான். வாய வைக்கத்தான் முடியாது!"

விஷயமே அதுதான். அங்கே குளிர்காலத்தில் வயல் காலி. இங்கேயோ ஐப்பசியிலிருந்து மார்கழி வரை வயல் நிறைய நெல். பெரியாற்றுத் தண்ணீர் பாய்கிற மேலூர்ப் பக்கம் தை அறுவடை முடிந்தால்தான் ஆட்டுக்குக் கதவு திறக்கும். அதுவரை தரிசும் கண்மாய்க் கரையும்தான் கதி. அறுத்த வயலில் ராத்திரி கிடை போட்டால், சம்சாரி கூலி தருவார். 'ஆட்டெரு அவ்வருஷம், மாட்டெரு மறுவருஷம்' என்று சும்மாவா சொன்னார்கள்!

சரி, அந்த இடைப்பட்ட மாசங்களுக்கு எந்தக் கிழங்கு?

முள்ளங்கி நாற்பத்தைந்து நாளில் வந்துவிடும். இலையையும் ஆடு ருசித்துத் தின்னும். ஆனால் டர்னிப் மாதிரியே முக்கால்வாசிக்கு மேல் தண்ணீர். பசி அடங்கும், உடம்பு தேறாது.

மரவள்ளியிடம் ஜாக்கிரதை! பச்சை இலையை வயிறு முட்டத் தின்றால் சயனைடு விஷம் ஆட்டைச் சாய்த்துவிடும். வெயிலில் நன்றாகக் காயவைத்துக் கொடுத்தால் விஷம் குறையும்.

என் ஓட்டு சீனிக்கிழங்குக்கு. சுமார் நாலு மாசப் பயிர். கிழங்கு மார்க்கெட்டுக்குப் போய்விடும். கொடியும் இலையும் ஆட்டுக்கு நல்ல தீவனம். அங்கே ஆடு கிழங்கைத் தின்றது. இங்கே கிழங்கு நமக்கு, கொடி ஆட்டுக்கு. வெட்டுப்பட்ட கிழங்கை மட்டும் குவியலாகப் போட்டுவிடக் கூடாது. பழக்கமில்லாத ஆடு ஒரேயடியாகத் தின்றால் வயிறு புளித்துப் படுத்துவிடும்.

இதையும் கீதாரியிடம் சொன்னேன். தலையாட்டிக் கேட்டுவிட்டு, "கொடி போட நிலம் வேணுமே சார்... எங்களுக்கேது நிலம்? போன தையில கிடை போட்ட வயலு, இந்தத் தையில பிளாட்டு" என்று கையை நீட்டினார்.

அங்கே மஞ்சள் பெயின்ட் அடித்த கற்கள் வரிசையாக நின்றன. சந்தை போய் பஸ் ஸ்டாண்டு வந்ததுபோல், மேய்ச்சலுக்குப் பதில் மனை வருகிறது. அறுவடைக்குப் பிறகாவது திறந்த கதவு, இனி எந்த மாசமும் திறக்காது.

டர்னிப்போ, சீனிக்கிழங்கோ... எதை வேண்டுமானாலும் ஆட்டுக்குப் பழக்கிவிடலாம். கல்லைத் தின்னப் பழக்க முடியுமா?