மண்ணில் இருந்தும் பழத்துக்குச் சேராத சத்து

கோவையில் வேளாண்மை படித்தபோது சுண்ணாம்புச் சத்தான கால்சியத்தைப் பற்றி மனப்பாடம் செய்த வரிகளுக்கு, இமாசலப் பிரதேசத்தின் கோட்கர் மலைச்சரிவில்தான் எனக்குப் பொருள் விளங்கியது. சாமுவேல் ஸ்டோக்ஸ் என்ற அமெரிக்கர் 1916இல் ரெட் டெலிஷியஸ் கன்றுகளை நட்டு, அந்த மலைமக்களுக்கு ஆப்பிளை ஒரு பிழைப்பாக்கித் தந்த பகுதி அது. அங்கே ஒரு பெரியவரின் தோட்டத்தில் உர வேலைகளைக் கவனித்துக்கொண்டிருந்தேன்.

ஓராண்டு காய்கள் நன்றாகப் பருத்தன. பறித்துப் பெட்டியில் அடுக்கிச் சில வாரங்கள் போனதும், காம்புக்கு எதிர்முனையில் பழுப்புக் குழிகள் தெரியத் தொடங்கின. தோலைச் சீவினால் தக்கைபோல் காய்ந்த சதை. வாயில் வைத்தால் கசப்பு. ‘பிட்டர் பிட்’ என்கிற இந்தக் கோளாறுக்குக் காரணம் கால்சியம் குறைவு. ஆனால் மண் பரிசோதனையோ கால்சியம் போதிய அளவு இருக்கிறது என்றது.

மண்ணில் இருப்பது ஏன் பழத்துக்கு வரவில்லை? கால்சியம் வேரிலிருந்து நீரோடு ஏறுவது. நீரை அதிகம் ஆவியாக்குவது இலை. அதனால் கால்சியமும் இலைக்கே போய்ச் சேர்கிறது. போனது காய்க்குத் திரும்புவதில்லை. பூ உதிர்ந்த முதல் சில வாரங்களில் பிஞ்சு பெறுவதே அதன் முக்கியமான பங்கு. யூரியா மிகுந்தால் துளிர்கள் ஓங்கி அந்தப் பங்கையும் பிடுங்கிக்கொள்ளும். பொட்டாஷ் மிகுந்தாலும் கால்சியம் ஏறுவது தடைப்படும். காய் மிகப் பருத்தாலோ, இருக்கிற கால்சியம் சதை முழுவதும் பரவி நீர்த்துப்போகும். நாங்கள் பார்த்து மகிழ்ந்த பருமனே நோய்க்கு இடம் கொடுத்திருந்தது.

அடுத்த பருவத்தில் யூரியாவைக் குறைத்தோம். பத்து வயது தாண்டிய மரத்துக்கு 100 கிலோ தொழுவுரம், 700 கிராம் தழைச்சத்து, 350 கிராம் மணிச்சத்து, 700 கிராம் சாம்பல்சத்து என்பது அங்குள்ள பொதுச் சிபாரிசு. அதை அப்படியே கொட்டாமல், இலைப் பரிசோதனை சொன்னபடி கூட்டிக் குறைத்தோம். அறுவடைக்கு 45 நாள் முன்பும் 30 நாள் முன்பும் 0.5 சதவீதக் கால்சியம் குளோரைடு தெளித்தோம். இலையில் பட்டது பழத்துக்குப் போகாது என்பதால், ஒவ்வொரு காயும் நனைய வேண்டும். உச்சி வெயிலில் தெளித்தால் இலை கருகும்.

பெரியவரின் கவனமெல்லாம் தௌலியாவில்தான். மரத்தைச் சுற்றியுள்ள வட்டப்பாத்தியை அங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். குளிர்காலத்தில் மக்கிய தொழுவுரம் இடுவார். கோடைக்கு முன் காய்ந்த புல்லைத் தடிமனாகப் பரப்புவார். ஆழக் கொத்த விடமாட்டார், மேலோட்டமான வேர்கள் அறுந்துவிடும் என்பார். ஈரம் சீராக இருந்தால்தான் நீரோடு கால்சியம் ஏறும். புல் மூடாக்கையும் சத்து மருந்தாகவே மதிக்க வேண்டும் என்று அவரிடம்தான் கற்றேன். தெளிப்பான் காயைக் காப்பாற்றலாம். மரத்தைக் காப்பாற்றுவது மண்தான்.

குழி விழுந்த பழங்கள் அடியோடு மறையவில்லை. ஆனால் வெகுவாகக் குறைந்தன. யூரியா தரும் தழைச்சத்து மட்டுப்பட்டதால் பழங்களின் சிவப்பும் கூடியது.

ஆப்பிள் வளர்ப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவுக்குள், அந்த ஆண்டுத் துளிரின் நடுப்பகுதி இலைகளைப் பறித்து ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். முடிவு கைக்கு வந்த பிறகு உரக் கடைக்குப் போங்கள்.